குன்றக்குடி டூ பழனி பாதயாத்திரை, 14 பேரு: வண்டி, மூட்டை, திரும்பி வர்றது எல்லாம் எப்படி பிளான் பண்றது?

கல்லல் பையன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. எங்க தெருவுல இருந்து வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போவோம், காரைக்குடி பக்கத்துல குன்றக்குடியில சண்முகநாதரைக் கும்பிட்டுட்டு அங்கிருந்து கிளம்புறது வழக்கம். இத்தனை வருஷமும் எங்க பெரியப்பாதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாரு. வண்டி பேசுறது, அரிசி பருப்பு, எந்த ஊர்ல எங்க படுக்குறது, யாரு பை எங்க கிடக்குதுங்கிற வரைக்கும் எல்லாம் அவரு மனசுலயே இருக்கும், ஒரு பேப்பர்ல கூட எழுதி வச்சதில்ல. இப்ப அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, இந்த வருஷம் நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. "நீ கூட்டிட்டுப் போடா, நம்ம தெரு நடை நிக்கக்கூடாது"ன்னு எங்கிட்ட ஒப்படைச்சிட்டாரு.

மொத்தம் 14 பேரு. அதுல பொம்பளைங்க 5 பேரு, பள்ளிக்கூடம் படிக்கிற பையங்க 2 பேரு. எங்க அத்தை ஒருத்தவங்களுக்கு சுகர் இருக்கு, ஆனா வேண்டுதல், நடந்தே தீருவேன்னு சொல்றாங்க. எனக்கு மூணு விஷயம் தெரியணும். ஒண்ணு, கூட வர்றதுக்கு குட்டியானை போதுமா இல்ல வேன் பேசணுமா, சில பேரு வண்டியே வேணாம் தோள்ல தூக்கிட்டுப் போகலாம்ங்கிறாங்க. ரெண்டு, ஆளுக்கு என்னென்ன எடுத்துக்கச் சொல்றது, போன தடவ ஒருத்தன் தலகாணியெல்லாம் தூக்கிட்டு வந்தான். மூணாவதுதான் பெரிய கவலை, திரும்பி வர்றது. போன வருஷம் பூசத்தன்னைக்கு ராத்திரி பழனியில பஸ்ஸுக்கு நின்னு நின்னு விடிஞ்சிருச்சு, பொம்பளைங்க எல்லாம் ரோட்டோரமே உக்காந்திருந்தாங்க, அத பாக்க எனக்கு மனசு கேக்கல. 5 நாள்ல போயிடலாம்னு கணக்கு வச்சிருக்கேன், சரியா?

சிங்கம்புணரி சேவுகன்:

தம்பி வணக்கம். நான் 21 வருஷமா நடக்கிறேன், நீங்க போற அதே பாதைதான். முதல்ல அந்த 5 நாள் கணக்க மாத்துங்க. குன்றக்குடியில இருந்து பழனி 160 கிலோமீட்டர் சொச்சம் வரும், அஞ்சு நாள்னா தினம் 32 கிலோமீட்டர், வெறுங்கால்ல, சுகர் இருக்கிற அத்தைய வச்சுக்கிட்டு அது முடியாது. 7 நாளா வச்சுக்கங்க. மொத நாள் திருப்பத்தூர் தாண்டி மருதிப்பட்டி பக்கம் தங்கல், ரெண்டாவது நாள் எங்க ஊரு இல்லேன்னா கொட்டாம்பட்டி, மூணாவது நாள் சமுத்திராப்பட்டி வழியா நத்தம், அடுத்தது கோபால்பட்டி, அடுத்தது திண்டுக்கல், அப்புறம் ஒட்டன்சத்திரம், கடைசியா பழனி. திண்டுக்கல்லுக்கு அப்புறம் வர்ற ரெண்டு நாளும் நாளுக்கு 30 கிலோமீட்டர் வரும், அதனால முன்னாடி நாலஞ்சு நாள் கால அடிச்சு உடைச்சிறாம மெதுவா போகணும். மொத நாள் எல்லாருக்கும் வேகம் வரும், அரோகரா போட்டுக்கிட்டு ஓடுவாங்க, அந்த மொத நாள் ஓட்டத்துலதான் பாதி பேருக்கு கொப்புளம் வருது.

நடை நேரம் விடியக்காலம் ரெண்டரை மூணு மணிக்கு எந்திரிச்சு காலையில ஒம்பது பத்து மணியோட முடிச்சிரணும், மறுபடி சாயங்காலம் நாலரைக்கு மேல. தை மாசம் பனிதானேன்னு நெனைக்காதீங்க, பதினொரு மணிக்கு மேல தார் ரோடு காலைச் சுடும்.

இப்ப வண்டி. 14 பேருக்கு குட்டியானை ஒண்ணு போதும், ஆனா அது சாமான் வண்டி, அதுல ஆளை ஏத்தாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் பத்து பைசா தரமாட்டான், சாமான் வண்டியில ஆளு ஏத்தினது தப்புன்னு முடிச்சிருவான். டிரைவர் பக்கத்து சீட்டு ஒண்ணுதான் ஆளுக்கு. அந்த சீட்ட யாருக்கும் ஒதுக்காதீங்க, நடுவுல யாருக்கு முடியலையோ அவங்களுக்கு அது. வண்டியில்லாம போறது ரெண்டு மூணு இளவட்டம் மட்டும் போனா சரி, பொம்பளைங்க பிள்ளைங்க இருக்கிற கூட்டத்துக்கு ஆகாது.

மூட்டைய ரெண்டாப் பிரிச்சிருங்க. வண்டியில போற பை, தோள்ல வர்ற பை. தோள் பை தண்ணி பாட்டிலோட சேத்து ரெண்டு கிலோவுக்கு மேல போகவே கூடாது, கிளம்புறதுக்கு மொத நாள் மளிகைக்கடை தராசுல வச்சு பாத்துருங்க. அதுல ஒரு துண்டு, அரை லிட்டர் தண்ணி, டார்ச், மாத்திரை, கொஞ்சம் பணம், ஆதார் ஜெராக்ஸ், ஒரு சின்ன டப்பால தேங்காய் எண்ணெய் இல்ல வாசலின், ஒரு பாக்கெட் உப்புக்கடலை, அவ்வளவுதான். வண்டி பைக்கு வெள்ளைச் சாக்கு வாங்கி அதுல பெயிண்ட்ல நம்பர் போட்டுருங்க, 1ல இருந்து 14 வரைக்கும். பேரு எழுதினா இருட்டுல படிக்க முடியாது, நம்பர்னா டார்ச் அடிச்ச உடனே தெரியும். ஒரு சாக்குல ரெண்டு வேட்டி இல்ல ரெண்டு செட் துணி, ஒரு போர்வை, ஒரு கோரைப்பாய் இல்ல தார்ப்பாய் துண்டு, மங்கி குல்லா, சோப்பு, மலை ஏறுறதுக்குன்னு பிளாஸ்டிக் கவர்ல சுத்தின ஒரு புதுத் துணி. தலகாணி வேணாம், துணிச் சாக்கே தலகாணி.

இன்னொண்ணு, வண்டியில சாமான் கட்ட நைலான் கயிறு வாங்காதீங்க, பனியில நனைஞ்சா முடிச்சு வழுக்கும். எங்க ஊரு தேங்காய் நார்க் கயிறு வாங்குங்க, கடைத்தெருவுலயே கிடைக்கும், நனைய நனைய இறுகும்.

கொட்டாம்பட்டியில திருச்சி மதுரை நாலுவழிச் சாலையைக் கடக்கணும் பாத்துக்கங்க. இருட்டுல கடக்கவே கூடாது, கடந்தா 14 பேரும் ஒண்ணா நின்னு ஒண்ணா கடக்கணும், முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் டார்ச்சோட. நான் இதுல மட்டும் யார் பேச்சையும் கேக்கமாட்டேன்.

குட்டியானை டிரைவர்:

நான் திண்டுக்கல்லு, 8 வருஷமா பூசத்துக்கு வண்டி ஓட்டுறேன், நடக்கிறவங்க பாக்காத விஷயம் எங்களுக்குத் தெரியும் அதான் எழுதுறேன். வண்டி பேசும்போது நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கான்னு முதல்லயே தெளிவாப் பேசிருங்க. 7 நாளைக்கு ஓடுறது 200 கிலோமீட்டர்கூட வராது, ஆனா வண்டி முடங்கிக் கிடக்கும், அதனால நாள் வாடகைதான் கேப்பாங்க, அது நியாயம். டிரைவர் பேட்டா, சாப்பாடு, பழனியில பார்க்கிங் இதெல்லாம் யார் பொறுப்புன்னு பேசிக்கங்க. எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி பாத்துருங்க. முக்கியமா டிரைவர் தூங்கணும். பகல் பூரா சமையலுக்கு ஒத்தாசை பண்ணச் சொல்லிட்டு ராத்திரி மூணு மணிக்கு வண்டி எடுன்னா அவன் என்ன பண்ணுவான்.

வண்டி கூட்டத்துக்கு பின்னாடி ஊர்ந்துக்கிட்டு வரக்கூடாது. அஞ்சு கிலோமீட்டர் முன்னாடி போய் ரோட்ட விட்டு இறங்கி நிக்கணும், பெட்ரோல் பங்க், கோயில் வாசல் இப்படி. தண்ணியும் சுக்குக் காப்பியும் அங்க. கடைசி ஆளு வந்து சேந்தாத்தான் அடுத்த அஞ்சு கிலோமீட்டர்.

ஒண்ணு சொல்லணும். நாலு வருஷம் முன்னாடி ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்துக்கு அடியில நிப்பாட்டியிருந்தேன். மூணு மணிக்கு எடுக்கணும். சாவியப் போட்டுட்டு என்னமோ தோணிச்சு, இறங்கி டார்ச் அடிச்சுப் பாத்தேன், பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வயசான அம்மா ஒருத்தவங்க போர்வைய தலையோட மூடிப் படுத்திருக்காங்க. பனி விழுதுன்னு வண்டி நிழல்ல வந்து படுத்திருக்காங்க, எங்க கூட்டம்கூட இல்ல, வேற ஊர்க்காரங்க. அன்னைக்கு கை நடுங்கி அரை மணி நேரம் வண்டி எடுக்கல. அதுல இருந்து நாலு பக்கமும் சுத்திப் பாக்காம சாவியத் தொடுறதில்ல. உங்க டிரைவர்கிட்டயும் சொல்லுங்க, உங்க ஆளுங்ககிட்டயும் வண்டிப் பக்கத்துலயே படுக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க.

அப்புறம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ராத்திரி முழுக்க லாரி வரும் போகும். திண்டுக்கல் தாண்டினா பாதயாத்திரைக்குன்னே ரோட்டோரம் நடைபாதை போட்டிருக்காங்க, அத விட்டு ரோட்டுல ஏறாதீங்க. மினுங்குற ஸ்டிக்கர் சட்டை முதுகுலயும் பையிலயும் ஒட்டிக்கங்க, சின்னப் பையங்களுக்கு ரெண்டு கைக்கும். கருப்புப் போர்வைய போத்திக்கிட்டு நடந்தா எங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியும்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், வண்டி ஓடும்போது ரெகுலேட்டரக் கழட்டிட்டு நட்டமா நிக்கவச்சு கட்டிருங்க. திண்டுக்கல்லுக்கு அப்புறம் அடுப்பே பத்தவைக்க வேணாம், அடிக்கு அடி அன்னதானம். அரிசி மூட்டை மூட்டையா ஏத்தாதீங்க, திண்டுக்கல் வரைக்கும் ஆகுறதுக்கு மட்டும் ஏத்துங்க.

நத்தம் மலர்:

ஆம்பளைங்க எல்லாம் எழுதிட்டீங்க, கூட வர்ற 5 பொம்பளைங்களுக்கு நான் சொல்றேன். நான் ஆறு தடவ நடந்திருக்கேன். எங்களுக்கு நடக்கிறது கஷ்டமே இல்ல, ஒதுங்க இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். அதுக்குப் பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்க மாட்டோம். மொத வருஷம் நானும் அப்படித்தான் பண்ணேன், கோபால்பட்டி வர்றதுக்குள்ள நீர்க்கடுப்பு வந்து, ஒண்ணுக்குப் போனா உயிர் போற எரிச்சல், அடுத்த நாள் காய்ச்சல், அந்த வருஷம் திண்டுக்கல்லோட பஸ் ஏறிட்டேன். வேண்டுதல் பாதியில நின்னுபோச்சேன்னு பஸ்ஸுல அழுதுக்கிட்டே போனேன். அதனால தம்பி, நீங்க வண்டி நிக்கிற இடத்தை முடிவு பண்ணும்போதே அங்க கக்கூஸ் இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுங்க. பங்க்ல கேட்டா விடுவாங்க, ஊருக்குள்ள மண்டபம், பள்ளிக்கூடம் திறந்து வச்சிருப்பாங்க. பொம்பளைங்க உங்ககிட்ட வாயைத் திறந்து கேக்கமாட்டாங்க, நீங்களா பண்ணணும்.

துணி விஷயம். சேலை கட்டி நடந்தா பாவாடை நனைஞ்சு தொடை உரசி புண்ணாயிரும், உள்ள முட்டி வரைக்கும் பனியன் துணி டைட்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் தடவிக்கணும். சுடிதார் போடுறவங்க புதுசு போடக் கூடாது, நாலு தடவ துவைச்ச காட்டன்தான். துணி மாத்த ஒரு பெரிய நைட்டி, ஒரு பழைய சேலை, ரெண்டு பேரு பிடிச்சா மறைப்பு ஆயிரும். நாள் கணக்கு பாத்துக்கிட்டாலும் அலைச்சல்ல முன்னப் பின்ன ஆகும், நாப்கின் எல்லாரும் ஒரு பாக்கெட் சாக்குல வச்சிரணும். ஊக்கு ஒரு அட்டை. தங்கம் வேணவே வேணாம், மஞ்சக் கயிறு போதும்.

அப்புறம் அந்த ரெண்டு பையங்களுக்கு ஒரு பேப்பர்ல உங்க போன் நம்பர், ஊர் பேரு எழுதி லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டிருங்க. பழனி அடிவாரத்துக் கூட்டத்துல கை விட்டா அவ்வளவுதான்.

கல்லல் பையன்:

படிக்கப் படிக்க பயமும் வருது தைரியமும் வருது, ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. 7 நாளுன்னு முடிவு பண்ணிட்டோம், தெருவுல சொல்லிட்டேன். அத்தை விஷயம்தான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. செருப்பு போடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. காலுல ஒரு வருஷமா மதமதன்னு இருக்குன்னும் சொல்றாங்க. என்ன பண்றது? மத்தவங்க கொப்புளத்துக்கு ஊசி நூலு கோத்து விடுவாங்களே அது சரியா?

வார்டு சிஸ்டர்:

தம்பி நான் நர்ஸ், பூசத்து சீசன்ல ரோட்டோர மெடிக்கல் கேம்ப்ல கட்டு கட்டியிருக்கேன். அத்தைக்கு மதமதன்னு இருக்குன்னா நரம்புல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். அப்படி இருக்கிறவங்களுக்கு முள்ளு குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. சுகர் உள்ள ஒருத்தருக்கு பாதத்துல பாட்டில் சில்லு ஏறி ரெண்டு நாளா அதோடவே நடந்து வந்திருக்காங்க, கேம்ப்ல காலைக் கழுவுறப்பத்தான் அவங்களே பாத்தாங்க. ஆறாத புண்ணு விரலை எடுக்கிற வரைக்கும் கொண்டுபோயிரும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அத்தையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு டெஸ்ட் பண்ணிருங்க. இல்லேன்னு சொல்லிட்டா வெறுங்கால் வேணவே வேணாம், நல்லா பழகின ஷூ, காட்டன் சாக்ஸ். முருகனுக்கு அவங்க கால் வேணாம்னு நீங்க எடுத்துச் சொல்லுங்க. திண்டுக்கல்லுல இருந்து சேந்துக்கிட்டாலும் வேண்டுதல் நிறைவேறும், வீட்டுப் பெரியவங்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்க, உங்க பெரியப்பா சொன்னா கேப்பாங்க.

இவ்வளவு நடந்தா சுகர் தானா இறங்கும். எப்பவும் போடுற அதே அளவு மாத்திரையா இல்ல குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினா உடனே சர்க்கரை இல்ல குளுக்கோஸ் தண்ணி குடுத்து உக்கார வைங்க, கூட நடக்கிறவங்க ரெண்டு பேருக்கு இது தெரிஞ்சிருக்கணும். இன்சுலின்னா வண்டி டேஷ்போர்டுல வைக்காதீங்க, ஈரத்துணி சுத்தின மண்சட்டியில நிழல்ல.

கொப்புளத்த உரிக்காதீங்க, நூலும் கோக்காதீங்க, அந்த நூலு வழியாத்தான் அழுக்கு உள்ள போகும். சின்னதுன்னா அப்படியே விட்டு மேல பிளாஸ்டர். பெருசாகி நடக்கவே முடியலேன்னா வழியில கேம்ப் இருக்கும், அங்க சுத்தமான ஊசியால ஓரத்துல குத்தி தண்ணிய எடுத்துட்டு, தோலை அப்படியே விட்டு மருந்து வச்சுக் கட்டுவாங்க. சாயங்காலம் தங்கல் போனதும் ஒரு பிளாஸ்டிக் பேசின்ல வெதுவெதுப்பான தண்ணியில உப்பு போட்டு பத்து நிமிஷம் கால வச்சுட்டு, விரல் இடுக்கு வரைக்கும் நல்லாத் துடைச்சுட்டு எண்ணெய் தடவுங்க. அத்தைக்கு மட்டும் சுடுதண்ணி வேணாம், பச்சத்தண்ணியில கழுவினாப் போதும், அவங்க பாதத்தை தினம் யாராவது ஒருத்தர் டார்ச் அடிச்சு அடிப்பக்கம் பாக்கணும்.

இன்னொண்ணு, வெறும் வயித்துல வலி மாத்திரை போட்டுக்கிட்டு தண்ணியும் குடிக்காம நடக்கிறாங்க, அது கிட்னிக்கு ரொம்பக் கெடுதல். ஓஆர்எஸ் பாக்கெட் ஆளுக்கு ரெண்டு மூணு இருக்கணும், பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவு தண்ணியில முழுசாக் கரைக்கணும், அரை டம்ளர்ல கரைச்சுக் குடிக்கக் கூடாது.

பழனி அடிவாரம்:

நான் உள்ளூரு, வந்து சேந்தப்புறம் நடக்கிறத மட்டும் சொல்றேன். பூசத்தன்னைக்கு வந்து சேர்ற மாதிரி பிளான் பண்ணாதீங்க. ரெண்டு நாள் முன்னாடி வந்து மலை ஏறிட்டு, கீழ இருந்து மத்தத பாருங்க. பல பேரு தெரியாம மலை மேல தேர் தேடுவாங்க, தைப்பூசத் தேர் ஊருக்குள்ள பெரியநாயகி அம்மன் கோயில் ரதவீதியில. சாமி திருக்கல்யாணம் முந்தின நாள் ராத்திரி அங்கதான். சண்முகாநதியில குளிக்கிறவங்க ஆழம் பாத்து இறங்குங்க. அடிவாரத்து திருஆவினன்குடி கோயிலைக் கும்பிட்டுட்டு மலை ஏறுறது வழக்கம்.

செல்போன் மலை மேல கொண்டுபோக விடமாட்டாங்க, 2023 அக்டோபர் 1ல இருந்து தடை. கீழயே குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும், 14 பேரும் தனித்தனியா வரிசையில நிக்காம எல்லா போனையும் உங்க வண்டியில டிரைவர்கிட்ட குடுத்துருங்க. மேல ஒருத்தரை ஒருத்தர் தொலைச்சிட்டா போன் பண்ண முடியாது, அதனால படி ஏறுறதுக்கு முன்னாடியே எத்தனை மணிக்கு எந்த இடத்துல சேர்றதுன்னு பேசிக்கங்க. படி 693, நடந்து வந்த காலுக்கு இறங்குறதுதான் வலிக்கும். பெரியப்பா வந்தா வின்ச்ல (கயிறு கட்டி மலை மேல இழுக்கிற ரயில்) இல்லேன்னா ரோப் கார்ல ஏறலாம், ஆனா ரோப் கார் காத்து பலமா அடிச்சா நிப்பாட்டிருவாங்க, அத மட்டும் நம்பி வராதீங்க. பூசத்தன்னைக்கு ரெண்டுலயும் வரிசை மணிக்கணக்குல நிக்கும், அவரை ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்துருங்க.

மலையைச் சுத்தின கிரிவீதியில உங்க வண்டி வராது, தனியார் வண்டிய விடுறதில்ல. விசேஷ நாள்ல வண்டியெல்லாம் ஊருக்கு வெளியவே நிப்பாட்டிருவாங்க, அதனால சாக்குல இருந்து மலைக்கு வேணும்ங்கிற துணிய முன்னாடியே எடுத்துக்கிட்டு இறங்குங்க.

திரும்புறதுக்கு, பூசத்து ராத்திரி காரைக்குடி பஸ்ஸுக்குன்னு காத்து நிக்காதீங்க. திண்டுக்கல் போற எது வந்தாலும் ஏறிருங்க, அங்கிருந்து நத்தம் சிங்கம்புணரி வழியா போயிடலாம். திண்டுக்கல்லுக்கு ரயிலும் இருக்கு, ஆனா திண்டுக்கல்லுல இருந்து காரைக்குடிக்கு நேரா ரயில் பாதை கிடையாது, மதுரையோ திருச்சியோ சுத்தணும், அது பொம்பளைங்க பிள்ளைங்களோட அலைச்சல். 14 பேருன்னா ஊர்ல இருந்தே ஒரு வேன் வரச் சொல்லுங்க, பழனியில வந்து பேசினா அன்னைக்கு என்ன கேக்குறாங்களோ அதுதான் விலை. பெரியப்பாவும் அதே வேன்ல வந்துரலாமே.

சிங்கம்புணரி சேவுகன்:

அடிவாரம் சொன்னது நல்ல யோசனை. அந்தக் காலத்துல இந்தக் கவலையே கிடையாது, செட்டிநாட்டு நகரத்தார் காவடி 400 வருஷத்துக்கு மேல போகுதுங்கிறாங்க, அவங்க போறதும் நடை, வர்றதும் நடை. நமக்கு லீவு கிடைக்கணுமே. தம்பி, வேன் ஒட்டன்சத்திரத்துக்கே வந்துரட்டும், பெரியப்பா அங்க உங்களைப் பாத்துட்டு முன்னாடி போய் தங்க இடம் பாக்கலாம். இருபது வருஷம் கூட்டிட்டுப் போனவரு வீட்டுல உக்காந்திருந்தா மனசு தாங்காது.

கல்லல் பையன்:

எல்லாத்தையும் பெரியப்பாகிட்ட நேத்து ராத்திரி படிச்சுக் காட்டினேன். கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. வேன்ல வர்றேன்னு சொல்லிட்டாரு, காரைக்குடியில ஒரு வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. அத்தைக்கு இன்னைக்கு டாக்டர் பாத்தாங்க, பாதத்துல உணர்ச்சி குறைவுதான், வெறுங்கால் கூடாதுன்னுட்டாங்க. பெரியப்பா போன்ல பேசி, அவங்க கடைசி நாள் வேன்ல வந்து ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சியில இறங்கி ஷூ போட்டுக்கிட்டு எங்களோட நடக்கிறதுன்னு முடிவாச்சு, மொதல்ல அழுதாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. ஷூ இப்பவே வாங்கி தினம் சாயங்காலம் கண்மாய்க்கரையில நடந்து பழகுறாங்க.

சாக்குக்கு நம்பர் போட்டாச்சு. 1 பெரியப்பா நம்பர், அவரு நடக்கலைன்னாலும் அந்த சாக்கு வண்டியில வரும், அதுல அவரு வேட்டியும் சாமி துண்டும் வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை சிங்கம்புணரி வர்றேன்ணே, கயிறு எந்தக் கடையில வாங்குறதுன்னு மட்டும் சொல்லுங்க.